புதுத் துரையும் பழைய ஊரும்

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் பாசிர் ரிஸ் என்றோர் ஊர் இருப்பதை நேயர்களிற் பலர் அறிவர். ‘பாசிர்’ என்பது மலாய் மொழியில் மணலைக் குறிக்கும் சொல். 1989-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கே எம்.ஆர்.டி. நிலையம் திறக்கப்பட்டது. கிழக்கு நோக்கி வரும் பாதை அந்நிலையத்தோடு முடிந்துவிடுவதால், வண்டியில் உறங்கிப் போகிறவனும் அங்கே இறங்காமல் தப்ப முடியாது. கடற்கரையில் நின்றால் எதிரே உபின் தீவு கறுத்துத் தெரியும். சாங்கி விமான நிலையத்தின் விமானங்கள் வந்துபோகும் ஓசை எந்நேரமும் கேட்கும்.

நாம் பிறந்தது ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். இப்பொழுது கிராணியாக ஊழியம் பார்ப்பது அதே மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில். இவ்விரண்டுக்கும் இடையே ஏழாண்டுக் காலம், பாசிர் ரிஸ் அடுக்குமாடி வீடொன்றில் நம் தாய்மாமன் நிழலில் தங்கி ஆங்கிலப் பள்ளியிற் படித்தோம். அக்காலத்தில் நாம் செய்த ஒரு தவற்றையும், இருபத்திரண்டு ஆண்டு கழித்து அதை ஓரளவு நேர்செய்ய முயன்ற வரலாற்றையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். விஷயம் கணினி விளையாட்டைப் பற்றியது. ‘விளையாட்டுக்கும் ஒரு கட்டுரையா?’ என்று நேயர்கள் நகைக்கவேண்டா. முடிவு வரை பொறுத்திருந்து பின்னர் நகைப்பாராக.

மாமா துறைமுகத் தொழிலாளி. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்ததோடு அவர் கல்வி நின்றது. தோட்டத்து லயத்திற் பிறந்து, 1971-ம் ஆண்டில் பிழைப்புத் தேடிப் பாலம் கடந்து வந்தவர். 1998-ம் ஆண்டில், நம் படிப்புக்கு உதவும் என்று எண்ணி, சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்திற்கு நம்மை அழைத்துச் சென்று ஒரு கணினி வாங்கினார். அன்று தேக்காவில் வாங்கிய கறிகாய்ப் பை ஒரு கையிலும், கணினிப் பெட்டியின் ஒரு முனை மறு கையிலுமாக அவர் நடந்து வந்த காட்சி இன்றும் நம் கண்ணுக்குள் நிற்கிறது. கணினியோடு ஒரு விளையாட்டுக் குறுந்தட்டும் வந்தது. ‘சிம் சிட்டி 2000’ என்பது அதன் பெயர். 1993-ம் ஆண்டில் வெளிவந்தது.

அவ்விளையாட்டில் வெல்வதும் தோற்பதும் முக்கியமல்ல. வெறும் நிலம் ஒன்று தரப்படும். அதில் சாலை போட்டு, மின்சாரம் கொண்டுவந்து, வீடு வரும் இடம் இது, தொழிற்சாலை வரும் இடம் இது என்று வகுத்துக் கொடுத்தால், ஊர் தானே முளைக்கும். ஊருக்குப் பெயரும், நகரத் தலைவருக்குப் பெயரும் நாமே இடலாம். தொடங்கும் ஆண்டாக 1900, 1950, 2000, 2050 ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். விரும்பிய இடத்தில் ஒரு பலகை நாட்டி அதில் எழுத்துப் பொறிக்கலாம்.

நமக்கு வாங்கிக் கொடுத்த கணினியில் மாமாவே இரவெல்லாம் உட்கார்ந்தார். அவர் 1950-ஐத் தேர்ந்தார். வானளாவும் கட்டடங்களைக் கட்டவில்லை. தாம் பிறந்த தோட்டத்தைக் கட்டினார். பால்மரம் நின்ற சரிவுகளில் வரிசையாக மரம் வைத்தார். ஆற்றை வெட்டினார். லயம் இருந்த இடத்தில் சிறு வீடுகளுக்கு நிலம் வகுத்தார். தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பள்ளிக்கூடம். மாரியம்மன் கோயிலுக்கு வேறு கட்டடம் இல்லாமையால் ஒரு சிறு பூங்காவும் அதன்மேல் ஒரு பலகையும். மின்சாரம் இல்லையேல் அவ்விளையாட்டில் வீடு முளைக்காது. ஆகவே அவர் சிறுவயதில் விளக்கெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் தவித்த லயத்துக்கு மின்கம்பி இழுக்கவேண்டி வந்தது. “எங்கப்பா காலத்துல வராத கரண்டை நான் குடுத்துட்டேன், பார்த்தியா தம்பி” என்று சொல்லிச் சிரித்தார். நகரத் தலைவர் என்னும் இடத்தில் தம் தந்தையின் பெயரைப் பொறித்தார். நம் பாட்டனாராகிய அவர் பால் வெட்டுத் தொழிலாளி. சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தே வாழ்ந்து மறைந்தவர்.

அக்கால விளையாட்டுகளுக்கு ஓசை வரவேண்டுமாயின் மூன்று எண்களைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். 220, 5, 1 என்பவை அவை; ஒலியட்டை கணினிக்குள் எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் குரலில் கூப்பிடும், எந்த வாய்க்கால் வழியாக ஒலியைப் பெறும் என்பவற்றின் அடையாளம். ஆங்கிலம் அறியாத மாமா அம்மூன்றையும் மனப்பாடமாக வைத்திருந்தார்.

2003-ம் ஆண்டில் நமக்கு வயது பதினைந்து. வகுப்பில் கணினி பற்றி நாலு வார்த்தை ஆங்கிலத்திற் பேசக் கற்றிருந்த செருக்கு தலைக்கேறியிருந்தது. நண்பர் வீடுகளிலெல்லாம் புதிய இயங்குதளம் வந்துவிட்டது. நம் வீட்டில் மட்டும் பழையது. மாமா இரவு வேலைக்குச் சென்றிருந்த நாளொன்றில், அவருக்கு வியப்பூட்டுவதாக எண்ணிக்கொண்டு, வன்தட்டை முழுதும் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினோம். அதன் பெயர் இங்கே வேண்டா. குற்றம் தளத்தினுடையதன்று, கேளாமற் செய்த நம்முடையது.

காலையில் மாமா வந்து பார்த்தார். ஊர் இல்லை. முன்னெச்சரிக்கையாக நெகிழ்வட்டில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார், அதைப் போட்டார். விளையாட்டைத் திறந்தார். படம் தயங்கித் தயங்கி நகர்ந்தது. ஓசை, தொண்டை கட்டியவன் பேச்சைப்போல் அறுந்து அறுந்து வந்தது. 220, 5, 1 என்று கொடுத்துப் பார்த்தார், பயனில்லை. மூன்று இரவு முயன்றார். நாமோ, “அது பழைய விளையாட்டு மாமா, புதுசா எத்தனையோ வந்திருக்கு” என்றோம். அவர் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அத்தை பூவேலை செய்த துணியொன்றைக் கணினியின்மேல் போர்த்தினார். அதன்பின் அவர் அதன்முன் உட்கார்ந்ததை நாம் கண்டதில்லை.

நிற்க. புதிய தளம் வந்தால் பழைய விளையாட்டு ஏன் நின்றுபோகவேண்டும்? இதனைத் தோட்டத்து மொழியிலேயே சொல்லிப் பார்ப்போம்.

இயங்குதளம் என்பது கணினிக்குத் துரை. விளையாட்டும் பிறவுமாகிய மென்பொருள்கள் அவருக்குக் கீழே வேலை செய்யும் ஆட்கள். 1981-ம் ஆண்டில் வந்த டாஸ் தளம், பங்களாவை விட்டு வெளியே வராத துரை. ஆட்கள் தாங்களே ஸ்டோரைத் திறந்து, வேண்டிய கருவியை எடுத்து, வேலையை முடித்துக்கொள்வார்கள். விளையாட்டு எழுதியவர்கள் இதனை விரும்பினார்கள். வேகம் அதில்தான் கிடைத்தது. திரைக்கும் ஒலியட்டைக்கும் நேரே கட்டளையிட்டார்கள். மாமாவின் மூன்று எண்களும் ஸ்டோருக்கு நேரே போகும் வழிதான். 1993-ம் ஆண்டில் விண்டோஸ் என்டி என்னும் வேறு துரை வந்தார். ‘ஸ்டோர்ச் சாவி ஆபீசில் இருக்கும், சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் பொருள் வாங்கவேண்டும், ஒருவன் தவறினால் தோட்டம் முழுதும் ஸ்தம்பிக்கக் கூடாது’ என்பது அவர் சட்டம். 2001-ம் ஆண்டில் விண்டோஸ் எக்ஸ்பி வழியாக அச்சட்டம் வீடுகளுக்குள்ளும் வந்தது. சீட்டு எழுத அறியாத பழைய ஆட்கள் வாசலில் நின்று விழித்தார்கள்.

இரண்டாவது காரணம் வேகம். 1981-ம் ஆண்டு ஐபிஎம் கணினியின் சில்லு 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. சில விளையாட்டுகள் நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளக்காமல், சில்லின் வேகத்தையே அளவாகக் கொண்டு எழுதப்பட்டன. வேகமான சில்லு வந்ததும் அவற்றின் எதிரிகள் கண்ணிமைக்கும் முன் ஆட்டக்காரனைக் கொன்றுவிட்டார்கள். ஆகவே சில பெட்டிகளில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் வைத்தார்கள். பெயர் வேகத்தைக் குறிப்பினும், பழைய விளையாட்டுக்காக வேகத்தைக் குறைக்கவே அது பெரிதும் பயன்பட்டது.

மூன்றாவது காரணம் சில்லின் அகலம். 16 பிட், 32 பிட், 64 பிட் என்று அது வளர்ந்தது. ராத்தல் கணக்கில் எழுதிய பழைய பேரேட்டைக் கிலோ மட்டுமே அறிந்த புதிய கிராணியிடம் கொடுத்தது போலாயிற்று. 64 பிட் விண்டோஸ் 16 பிட் ஆட்களை அடியோடு ஏற்பதில்லை. சில விளையாட்டுகள் தாம் 32 பிட்டாக இருந்தும், அவற்றை நிறுவும் சிறு மென்பொருள் 16 பிட்டாக இருந்தமையால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. 2021-ம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 முழுதும் 64 பிட்டே. ஆப்பிள் நிறுவனம் இன்னும் கண்டிப்பானது: 2017-ம் ஆண்டில் ஐஓஎஸ் 11 வந்தபொழுது கைப்பேசியிலும், 2019-ம் ஆண்டில் மேக் ஓஎஸ் கேட்டலீனா வந்தபொழுது கணினியிலும், 32 பிட் மென்பொருள்கள் அனைத்தும் ஒரே நாளில் ஊமையாயின.

ஒலியைப் பற்றிய கதை சிங்கப்பூரோடு நேரே தொடர்புடையது. நேயர்களிற் சிலர் அறியாமல் இருக்கலாம்: டாஸ் காலத்து விளையாட்டுகள் உலகமெங்கும் பேசிய ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் ஒலியட்டை இத்தீவிற் பிறந்த நிறுவனத்தின் படைப்பு. 1981-ம் ஆண்டில் சைனா டவுனில் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாக கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கியவர் சிம் வோங் ஹூ. 1989-ம் ஆண்டில் சவுண்ட் பிளாஸ்டர் வெளிவந்தது. 1992-ம் ஆண்டில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதற் சிங்கப்பூர் நிறுவனமும் அதுவே. 1998-ம் ஆண்டில் அது ஈஏஎக்ஸ் என்னும் முறையைக் கொண்டுவந்தது. குகைக்குள் நடந்தால் எதிரொலி, கதவுக்கு அப்பால் பேசினால் மங்கிய குரல் என்று இடத்துக்கேற்ப ஓசையை அட்டையே மாற்றித் தரும்.

2007-ம் ஆண்டில் விண்டோஸ் விஸ்டா வந்தது. ஒலி சம்பந்தமான உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முற்றிலும் திருத்தியமைத்தது. விளையாட்டுகள் டைரக்ட்சவுண்ட் வழியாக ஒலியட்டையின் திறமையை நேரே பயன்படுத்தும் பாதை அடைபட்டது. அட்டை பழுதாகவில்லை, விளையாட்டும் பழுதாகவில்லை, இரண்டுக்கும் நடுவே இருந்த பாலம் எடுபட்டுவிட்டது. குகையில் எதிரொலி இல்லை. கிரியேட்டிவ் நிறுவனம் ‘ஆல்கெமி’ என்றொரு மென்பொருளை வெளியிட்டு, பழைய விளையாட்டுகளின் வேண்டுகோளை வேறொரு பாதைக்குரிய மொழியில் பெயர்த்துக் கொடுத்து, அவற்றை மீண்டும் பேசவைத்தது. துபாஷியாக ஒருவர் நடுவே நின்ற பிறகே புதுத் துரைக்கும் பழைய ஆளுக்கும் பேச்சு நடந்தது.

2023-ம் ஆண்டு ஜனவரியில் மறைந்த இதே சிம் வோங் ஹூ, 1999-ம் ஆண்டில் எழுதிய நூலொன்றில் ஓர் உவமை சொன்னார். பிற நாடுகளில், தடுக்கும் பலகை இல்லாத இடத்தில் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம்; சிங்கப்பூரிலோ, அனுமதிக்கும் பலகை இருந்தால்தான் திருப்பலாம் என்பது அது. தளம் மாற்றும் பாதையிலும் அத்தகைய பலகைகள் மிகக் குறைவு. விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு ஏறியவர் திரும்பி இறங்க நினைத்தால் அவருக்கு வழக்கமாகக் கிடைப்பது 10 நாள் அவகாசம். பதினொன்றாம் நாள் பழைய தளம் துடைக்கப்பட்டுவிடும்.

துரைகள் எல்லாரும் இரக்கமற்றவர் என்று சொல்வது முறையன்று. விண்டோஸ் 95 தயாரானபொழுது நிகழ்ந்த ஒன்றை, முன்னர் மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய மென்பொருளாளர் ஒருவர் 2004-ம் ஆண்டில் எழுதினார். பழைய ‘சிம் சிட்டி’ விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. ‘இந்த நினைவகம் எனக்கு வேண்டா’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுகணம் அதையே எடுத்துப் படிக்கும். பழைய தளத்தில் அந்த இடத்தை வேறொருவரும் உடனே எடுத்துக்கொள்ளாமையால் தீங்கு விளையவில்லை. புதிய தளத்தில் அது வீழ்ந்துவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடுவது சிம் சிட்டியா என்று தளமே பார்த்து, ஆமாயின், திருப்பிக் கொடுத்த நினைவகத்தை உடனே எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைக்கும்படி விண்டோஸ் 95-ஐ எழுதினார்கள். ஓர் ஆளின் பழக்கத்துக்காகத் துரை தம் சட்டத்தில் ஒரு விலக்கு வைத்தார்!

இத்தகைய பொறுமைக்கும் எல்லை உண்டு. ஏனெனில் பிழைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதை எழுதியவனே அறியான். 2024-ம் ஆண்டில் விண்டோஸ் 11-இன் 24எச்2 என்னும் பதிப்பு வந்த பிறகு, ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ என்னும் விளையாட்டில் ஸ்கிம்மர் என்ற நீர்விமானம் காணாமற் போயிற்று. வலிந்து அதை வரவழைத்தவர்களை அது எண்ணவொண்ணா உயரத்துக்கு எறிந்தது. இவ்விளையாட்டு கணினிக்கு வந்தது 2005-ம் ஆண்டில். இருபதாண்டுகள் அந்த விமானம் ஒழுங்காகப் பறந்ததே! பழைய விளையாட்டுகளைச் செப்பனிடும் தொண்டர் ஒருவர் 2025-ம் ஆண்டில் ஆராய்ந்து காரணத்தை வெளியிட்டார்.

அதனை நம் செக்ரோல் புத்தகத்தைக் கொண்டு விளக்கலாம். வண்டி வாகனங்களின் அளவுகளை எழுதிய பட்டியலில், ஸ்கிம்மரின் வரியில் மட்டும் சக்கர அளவு எழுதாமல் விடப்பட்டிருந்தது. பட்டியலைப் படிக்கும் மென்பொருள், வெற்றிடத்தைக் கண்டு நிற்காமல், சிலேட்டில் அதற்கு முந்திய வாகனத்துக்கு எழுதிய எண் அழியாமல் இருந்ததையே எடுத்துக்கொண்டது. இருபதாண்டுகள் அந்தச் சிலேட்டை எவரும் இடையில் தொடவில்லை. 24எச்2-வில் தளத்தின் உள்வேலை ஒன்று சிறிது மாறி, அந்த இடத்தில் தன் கணக்கை எழுதிவிட்டது. முந்திய எண் அழிந்தது. விமானத்தின் அளவு தாறுமாறாயிற்று. பிழை விளையாட்டினுடையது, அதை வெளிப்படுத்தியது தளம். நம் ஆபீசிலும் இவ்வாறு அதிர்ஷ்டத்தாற் சரியாக வந்துகொண்டிருக்கும் கணக்குகள் எத்தனையோ என்று எண்ணும்பொழுது சிறிது நடுக்கமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் பழைய தளத்தையே கட்டிக்கொண்டு வாழலாமே என்பாருக்கும் ஒரு வார்த்தை. 2017-ம் ஆண்டு மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்னும் கணினிக் கொள்ளை உலகெங்கும் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளைக்கூட ஸ்தம்பிக்கச் செய்தது. திருத்தம் பெறாத பழைய தளங்களே அதற்கு வாசல். பல விளையாட்டுக் குறுந்தட்டுகளில், களவாகப் பிரதியெடுப்பதைத் தடுக்க ‘சேஃப்டிஸ்க்’ என்றொரு பூட்டு இருந்தது. அப்பூட்டே திருடன் நுழையும் ஓட்டையாகக் கண்டுபிடிக்கப்பட்டதால், விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை; 2015-ம் ஆண்டு செப்டம்பரில் வந்த திருத்தம் முந்திய தளங்களிலும் அதை முடக்கியது. காசு கொடுத்து வாங்கியவனின் குறுந்தட்டு பயனற்றதாயிற்று என்பது உண்மை. அவன் வீட்டுக்கதவு பத்திரமாயிற்று என்பதும் உண்மை. பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவது அறிவன்று. புதியது என்பதற்காகவே ஒன்றை வணங்குவதும் அறிவன்று. பதினைந்து வயதில் நாம் செய்தது இரண்டாவது.

மாமா 2024-ம் ஆண்டில் காலமானார். 2025-ம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் நாம் பாசிர் ரிஸ் சென்றிருந்தபொழுது, அத்தை ஒரு பிஸ்கோத்துத் தகரத்தைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே விளையாட்டுக் குறுந்தட்டும் மூன்று நெகிழ்வட்டுகளும் இருந்தன. மூன்றின்மேலும் மாமாவின் உருண்டையான தமிழெழுத்தில், ‘நம்ம ஊர்’ என்று எழுதியிருந்தது. “ராத்திரியெல்லாம் ஒக்காந்து கட்டினாரே, அதுல என்னதான் இருந்துச்சு தம்பி? நான் ஒருநாளும் சரியாப் பார்த்ததில்லே” என்றார் அத்தை. அவரும் அதே தோட்டத்திற் பிறந்தவர்; மாமாவுக்குப் பக்கத்து லயம்.

அத்தோட்டம் இப்பொழுது இல்லை. விற்கப்பட்டு, மரங்கள் சாய்க்கப்பட்டு, அங்கே மாடிவீடுகள் எழுந்து பல ஆண்டுகளாயின. லயத்தின் படம் ஒன்றுகூட எவரிடமும் இல்லை. அந்த ஊர் இருக்கும் இடம் உலகில் ஒன்றுண்டானால் அது அந்தத் தகரத்துக்குள்தான்.

மச்சான் வீட்டிலிருந்ததோ புத்தம்புதிய கணினி. அக்டோபர் 14-ம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்ததை முன்னிட்டு வாங்கியது. அதில் நெகிழ்வட்டு நுழையும் வாயே இல்லை. மறுநாள் சிம் லிம் ஸ்குவேரில் அலைந்து, யூஎஸ்பி வழியாக இணையும் நெகிழ்வட்டுக் கருவி ஒன்றை வாங்கி வந்தோம். முதல் வட்டு கரகரவென்று ஒலித்து, படிக்க இயலவில்லை என்றது. இரண்டாவதும் அவ்வாறே. அப்பொழுது நம் நெஞ்சு அடித்துக்கொண்ட விதத்தை எழுதிக் காட்ட இயலாது. பதினைந்து வயதில் செய்த பிழைக்கு முப்பத்தேழு வயதில் தீர்ப்பு வரப்போகிறது என்று தோன்றிற்று. மூன்றாவது வட்டு சிறிது நேரம் முனகிவிட்டுத் திறந்தது. உள்ளே ஒரே கோப்பு. அக்காலத்தில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை. ஆகவே தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் நடுவில் அறுந்து நின்றது. வட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது நிரப்பவில்லை.

கோப்பு கிடைத்தது, திறக்கும் விளையாட்டு ஓடவேண்டுமே! அதற்கு வழி வகுத்தவர்கள் ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் இலவச மென்பொருளை எழுதிய தன்னார்வலர்கள். 2002-ம் ஆண்டில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. அது செய்யும் வேலை விந்தையானது. புதிய கணினிக்குள்ளே ஒரு பொய்க் கணினியைக் கட்டுகிறது. பழைய சில்லு, பழைய டாஸ், பழைய சவுண்ட் பிளாஸ்டர் அட்டை ஆகிய அனைத்தும் அதற்குள் வேடம் புனைந்து நிற்கின்றன. சில்லு எவ்வளவு மெதுவாக ஓடவேண்டும் என்பதைக்கூட நாமே சொல்லலாம். விளையாட்டுக்குத் தான் 1990-களில் இல்லை என்பதே தெரியாது. இத்தகைய முயற்சிகளைச் சார்ந்தே, 2008-ம் ஆண்டு முதல், பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓடும்படி விற்கும் ஜிஓஜி போன்ற கடைகளும் நடக்கின்றன. எனினும், 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 100-க்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று, விளையாட்டு வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023-ம் ஆண்டில் கணக்கிட்டுச் சொன்னது.

குறுந்தட்டைக் கொடுத்தோம். விளையாட்டு ஒலியட்டையின் எண்களைக் கேட்டது. 220 என்றோம். அடுத்த எண்ணைச் சொல்ல நா எழவில்லை. சிறிது நேரம் சென்றபின் விசையைத் தட்டினோம். டாஸ்பாக்ஸில் அது 7. மாமாவின் 5 அன்று. பின்னர் 1. இசை, அறுபடாமல், முன்பு எப்படி வந்ததோ அப்படியே வந்தது.

ஊர் திறந்தது. மேலே மாதமும் ஆண்டும் காட்டும் இடத்தில் 1971 என்றிருந்தது. அவ்வாண்டை அடைந்ததும் மாமா காலத்தை நிறுத்தி வைத்துவிட்டார் போலும். ஓட்டத்தை நிறுத்தும் வசதி அவ்விளையாட்டில் உண்டு. தாம் ஊரை விட்டு வந்த ஆண்டுக்கு அப்பால் அந்த ஊரை அவர் போகவிடவில்லை. இதனை நாம் அத்தையிடம் சொல்லவில்லை. அவரே எண்ணைப் பார்த்துவிட்டு, “அந்த வருசந்தான் கெளம்பி வந்தாரு” என்றார்.

பலகைகள் ஆங்கில எழுத்தில் இருந்தமையால் ஒவ்வொன்றாக நாம் படித்துச் சொன்னோம். கோயில். பள்ளி. பெரிய கங்காணி வீடு. பெரட்டுக் களம். ஆஸ்பத்திரி. அத்தை வீடு என்று ஒன்று. அதைப் படித்ததும் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நாணமோ அழுகையோ நாம் அறியோம். மச்சானின் மகள், பத்து வயதுச் சிறுமி, நம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “இந்த ஊர்ல வேற யாரும் விளையாடலையா மாமா?” என்று கேட்டாள். இக்காலத்துப் பிள்ளைகளின் விளையாட்டு ஊர்களில் எப்பொழுதும் நூறு பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். “இல்லம்மா, ஒங்க தாத்தா மட்டுந்தான்” என்றோம்.

கிணறு என்ற பலகைக்கு வந்தபொழுது அத்தை தடுத்தார். “கெணறு அங்கே இல்லே தம்பி. கோயிலுக்கு மேலண்டைப் பக்கம். தண்ணி எடுத்த எனக்குத் தெரியாதா? ஒங்க மாமா மறந்துட்டாரு. மாத்தி வச்சிரு” என்றார்.

நம் கை சுண்டெலிக் கருவியின்மேல் நின்றுவிட்டது. ஒருமுறை கேளாமல் கைவைத்து அந்த ஊரை அழித்தவர் நாம். மறுமுறையும் அதே ஊரில் கைவைப்பதா? ஆயினும் கிணற்றில் நாள்தோறும் தண்ணீர் சேந்தியவர் அவர். அவர் சொல்வதே உண்மை. உண்மை தெரிந்த பின்னும், மாமா வைத்தது என்பதற்காகத் தவற்றை அப்படியே விட்டுவைப்பது மாமாவுக்கே பிடிக்குமா?

முடிவில் நாம் செய்தது இதுதான். கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, மாமா விட்டுச்சென்றபடியே, கிணறு தவறான இடத்தில் இருக்க, தனியே வைத்தோம். இன்னொரு பிரதியில் கிணற்றை அத்தை காட்டிய இடத்துக்கு மாற்றினோம். அதன்பின் அத்தை நாவல் மரம் ஒன்றையும், பிள்ளைகள் பந்தாடிய திடலையும் சேர்க்கச் சொன்னார். இரண்டு பிரதிகளையும் மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். ஒன்று இத்தோட்டத்து ஆபீஸ் அலமாரியில், பழைய செக்ரோல் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்புத்தகங்களைத் திறக்க எந்தத் தளமும் வேண்டா. கண் இருந்தாற் போதும். இதற்கோ கோப்பும் வேண்டும், விளையாட்டும் வேண்டும், டாஸ்பாக்ஸும் வேண்டும், அதை ஓட்டத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். ஆகவே மூன்றையும் ஒன்றாக வைத்து, திறக்கும் முறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி உடன் சேர்த்திருக்கிறோம்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் இத்தகைய தகரம் ஒன்று இருக்கலாம். அதில் விளையாட்டோ, கடிதமோ, காலஞ்சென்ற ஒருவரின் குரலோ இருக்கலாம். நெகிழ்வட்டு காந்தப் பூச்சினால் ஆனது. அது நமக்காகக் காத்திராது. புதிய தளத்துக்குச் செல்லுங்கள், செல்லவேண்டியதுதான். செல்லுமுன் பழையதிலிருந்து எடுக்கவேண்டியதை எடுத்துக்கொண்டு, உரியவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செல்லுங்கள். நாம் கேட்கவேண்டியிருந்தது மாமாவை. அதற்கு இப்பொழுது வழியில்லை.

அத்தை இன்னும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்கிறார். சென்ற வாரம், ஆற்றங்கரைப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்ததா, ஒரு பக்கம் மட்டுந்தானா என்று தமக்கு ஐயம் வந்துவிட்டதாகச் சொன்னார். நாம் நம் தாயாரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.